குளத்தில் பறவை இல்லை என்பது எப்படித் தெரியும்?

பொதிகையில் பிறக்கும் தாமிரபரணி பாபநாசம், அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி வழியே வந்து திருநெல்வேலி நகரைத் தொட்டு, ஸ்ரீவைகுண்டம் தாண்டிப் புன்னைக்காயல் அருகே கடலில் கலக்கிறது. மொத்த நீளமே 125 கிலோமீட்டர் அளவுதான். ஆனால் வழியில் உள்ள எட்டு அணைக்கட்டுகளும் அவற்றிலிருந்து பிரியும் கால்வாய்களும் அந்த நீரை ஏராளமான குளங்களுக்குக் கொண்டு சேர்க்கின்றன. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து குளங்கள் நிரம்பியிருக்கும் மார்கழி, தை மாதங்களில் அங்கே வெளியூர்ப் பறவைகள் இறங்குகின்றன. நீலச்சிறகியும் ஊசிவால் வாத்தும் வடக்கே நெடுந்தொலைவிலிருந்து வருகின்றன. வரித்தலை வாத்து மங்கோலியா, திபெத் ஏரிகளிலிருந்து இமயத்தைக் கடந்து வருகிறது. நாங்குநேரிப் பக்கத்துப் புல்வெளிகளில் பூனைப்பருந்துகள் இரவு தங்க இறங்குகின்றன. மத்திய ஆசியாவில் குஞ்சு பொரித்த சோளக்குருவிகள் கரிசல் காட்டின் மேலே மேகம்போல் திரண்டு சுழல்கின்றன.

இந்த வரவுகள் பற்றிய செய்தி ஒவ்வொன்றும் ஒரு மனிதரின் சொல்லில்தான் தொடங்குகிறது. இன்ன குளத்தில், இன்ன நாளில், இன்ன பறவையைக் கண்டதாக ஒருவர் சொல்கிறார். அடுத்த நாள் போய்ப் பார்த்தால் பறவை அங்கே இருக்காது. அந்தச் சொல் எப்போது அறிவு ஆகிறது? அதைவிடக் கடினமான கேள்வி ஒன்றும் உண்டு. ஒருவர் போய்ப் பார்த்துவிட்டு ஒன்றும் தென்படவில்லை என்று திரும்பினால், அதற்கு ஏதேனும் மதிப்பு உண்டா? அறிவுக்கு வழி எது என்ற இந்த விசாரணையை இந்தியத் தத்துவ மரபு அளவை என்ற தலைப்பில் மிக விரிவாக நடத்தியிருக்கிறது. மணிமேகலையில் சமயக்கணக்கர் வாதிடும் காதையில் பத்து அளவைகள் எண்ணப்படுகின்றன. அங்கே வாதிடும் பூதவாதியோ காண்டல் ஒன்றே போதும் என்கிறான். 13ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரின் தொடக்கத்திலேயே அளவைகளை வரிசைப்படுத்தி, அவை எல்லாம் காண்டல், கருதல், உரை என்ற மூன்றனுள் அடங்கும் என முடிக்கிறார். இறைவனையும் உயிரையும் பற்றிய பேச்சுக்கு முன்னுரையாக வகுக்கப்பட்ட இந்த இலக்கணம், குளத்தங்கரையில் தொலைநோக்கியோடு நிற்பவருக்கும் அப்படியே பொருந்துகிறது.

காண்டல் எளிது என்று தோன்றும். ஆனால் அளவை நூலார் அதை எளிதாக விடவில்லை. ஐயமும் திரிபும் நீங்கிய காட்சியே காட்சி என்பது அவர்கள் வைத்த நிபந்தனை. பொருள் கண்ணில் பட்டு, இன்னது என்று பெயர் கொள்ளாத முதல் கணத்தை நிருவிகற்பம் என்றும், பெயரும் வகையும் சேர்ந்து தெளியும் நிலையைச் சவிகற்பம் என்றும் பிரித்தார்கள். பறவை பார்ப்பவரின் பிழைகள் பெரும்பாலும் இந்த இரண்டு கணங்களுக்கும் நடுவில்தான் நேர்கின்றன. நாங்குநேரி வெளியில் அந்தி நேரத்தில் பழுப்பு நிறப் பெண் பூனைப்பருந்து ஒன்று தாழப் பறந்து வருவதாகக் கொள்ளலாம். அடிமுதுகில் வெள்ளைத் திட்டு தெரிகிறது. அதைக் கொண்டு அது பூனைப்பருந்து என்று சொல்லிவிடலாம். எந்தப் பூனைப்பருந்து என்று சொல்ல முடியாது. அங்கே வரும் இரண்டு இனங்களின் பெண் பறவைகள் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். கன்னத்துக் கருந்திட்டுக்குப் பின்னால் கழுத்தைச் சுற்றி வெளிறிய வளையம் தெளிவாகத் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். பறவையோ முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விடும். அப்போது 'பூனைப்பருந்து, இனம் தெரியவில்லை' என்று எழுதுபவரே காண்டல் அளவையை மதிப்பவர். அரிய இனத்தின் பெயரை எழுத விரும்பும் மனம் இல்லாத வளையத்தையும் கண்டதாகச் சொல்லும். அது பொய் அன்று; திரிபு. பழைய நூல்கள் கட்டையை மனிதனாகக் காண்பதை எடுத்துக்காட்டாகச் சொன்னதும் இதைத்தான்.

கருதலுக்கு இந்தத் துறையில் நல்ல சான்றுகள் உண்டு. வரித்தலை வாத்து இமயத்தைக் கடப்பதைத் திருநெல்வேலியில் இருப்பவர் எவரும் கண்டதில்லை. மங்கோலியாவில் கழுத்துப் பட்டை மாட்டிவிடப்பட்ட வாத்துகள் தென்னிந்தியக் குளங்களில் மேய்வதைக் கண்டிருக்கிறார்கள். அங்கும் இங்கும் ஒரே எண் என்பதால் இடைப்பட்ட பயணம் புகையிலிருந்து நெருப்பைப்போலக் கருதி அறியப்படுகிறது. பின்னர் உடலில் கருவி பொருத்தி ஆராய்ந்தபோது, 7,000 மீட்டருக்கு மேலான உயரத்தில் அவை பறந்தது பதிவாயிற்று. செங்கால் நாரை தெற்கே குமரி வரை வந்து மீண்டும் வடதிசைக்குப் போகும் பறவை என்பதைச் சத்திமுத்தப் புலவர் தம் தனிப்பாட்டில் சொல்லியிருக்கிறார். வளையமும் பட்டையும் இல்லாத காலத்தில், பருவந்தோறும் வரவையும் போக்கையும் கவனித்தவர்களின் கருதல் அது.

ஆனாலும் பறவை அறிவில் மிகப் பெரும் பங்கு உரைக்கே உரியது. ஒரு மனிதர் தம் வாழ்நாளில் தாமே சென்று பார்க்கக்கூடிய குளங்கள் சில. எஞ்சியவை பற்றி அவர் அறிவதெல்லாம் பிறர் சொல்லக் கேட்டதுதான். நியாய நூலார் உரையை ஆப்தனின் சொல் என்று வரையறுத்தனர். பொருளை நேரே அறிந்தவன், அறிந்ததை அறிந்தவாறே சொல்ல விரும்புபவன் எவனோ அவனே ஆப்தன் என்று உரையாசிரியர் வாத்ஸ்யாயனர் விளக்குகிறார். இந்த இலக்கணம் முனிவருக்கும் ஆரியருக்கும் மிலேச்சருக்கும் பொது என்று அவர் சேர்த்துச் சொன்னது மிகத் துணிவான கருத்து. பிறப்போ படிப்போ பதவியோ ஒருவரை நம்பத்தக்கவர் ஆக்குவதில்லை. அறிதலும் நேர்மையும்தான் ஆக்குகின்றன.

இந்தியப் பறவையியலில் இதற்கு இரண்டு பெரிய சான்றுகள் இருக்கின்றன. ஒன்று, ரிச்சர்ட் மைனர்ட்ஸ்ஹாகன் என்ற ஆங்கிலேய இராணுவ அதிகாரியின் கதை. பாடம் செய்த பறவை உடல்களைச் சேகரிப்பதில் உலகப் புகழ் பெற்றவர் அவர். காட்டுச் சிற்றாந்தை என்ற அரிய ஆந்தையை 1914இல் குஜராத்தில் உள்ள மாண்ட்வியில் பிடித்ததாக ஒரு பாடத்தில் சீட்டு எழுதிக் கட்டியிருந்தார். அந்தச் சீட்டை நம்பி ஆந்தையைத் தேடியவர்கள் ஏமாந்தார்கள். பல ஆண்டுகள் கழித்து, அது அருங்காட்சியகத்திலிருந்து திருடி வேறு சீட்டு கட்டிய பழைய பாடம் என்பதைப் பறவையியலாளர் பமேலா ராஸ்முசென் நிறுவினார். பொய்ச் சீட்டை ஒதுக்கிவிட்டு, பழைய உண்மைப் பதிவுகள் காட்டிய இடங்களில் அவரும் தோழர்களும் தேடினர். 1997 நவம்பரில் மகாராஷ்டிரத்தின் ஷகாதா அருகே ஆந்தை உயிரோடு கிடைத்தது. 1884க்குப் பின் 113 ஆண்டுகள் கழித்து அது அறிவியலின் கண்ணில் பட்டது. இதில் கவனிக்க வேண்டியது, அருங்காட்சியகத்துப் பெட்டியில் இருந்த ஆந்தை உண்மையான ஆந்தை என்பது. இறகும் அலகும் பொய் சொல்லவில்லை. நாளும் இடமும் சொன்ன மனிதர்தான் பொய் சொன்னார். இன்று புகைப்படம் இருந்தால் வேறு சான்றே வேண்டாம் என்று நினைப்பவர்கள் இந்தக் கதையை மனத்தில் கொள்ள வேண்டும். படம் பறவையைக் காட்டும். அது எந்தக் குளம், எந்த நாள் என்பதை இன்னமும் ஒரு மனிதர்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

மற்றது வடபெண்ணையாற்றுப் பள்ளத்தாக்கில் நடந்தது. 19ஆம் நூற்றாண்டில் மருத்துவர் ஜெர்டன் உலகுக்கு அறிவித்த ஓட்டப்பறவை ஒன்று 1900க்குப் பின் எவர் கண்ணிலும் படவில்லை. அழிந்துவிட்டது என்றே பலர் முடிவு கட்டினர். பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் 1980களில் தேடலைத் தொடங்கியபோது கடப்பைப் பக்கத்துச் சிற்றூர்க்காரர்களுக்கு அந்தப் பறவையை நன்றாகத் தெரிந்திருந்தது. அதற்குக் கலிவி கோடி என்று தெலுங்கில் பெயரும் இருந்தது. 1986 ஜனவரியில் ஓர் இரவு, விளக்கொளியில் அதைப் பிடித்தவர் அந்த வட்டாரத்து வேட்டைக்காரர் ஒருவரே. பறவை இரவில் திரிவது. தேடியவர்கள் பகலில் தேடியிருக்கிறார்கள். பெரிய அதிகாரியின் சீட்டு பொய்யாகி, ஊர்க்காரரின் வாய்ச்சொல் மெய்யானதை இந்த இரண்டு நிகழ்ச்சிகளும் அடுத்தடுத்துக் காட்டுகின்றன. வாத்ஸ்யாயனர் வகுத்த இலக்கணத்துக்கு இதைவிடத் தெளிவான விளக்கவுரை கிடைப்பது அரிது.

இனி இன்மை. ஒரு பொருள் இல்லை என்பது எப்படி அறியப்படுகிறது என்று இந்தியத் தத்துவவாதிகள் பல நூற்றாண்டுகள் வாதிட்டனர். தரையில் குடம் இல்லை என்பது அவர்கள் எடுத்துக்கொண்ட வழக்கமான எடுத்துக்காட்டு. குடம் இருந்தால் கண் அதைக் காணும். இல்லாத குடத்தைக் கண் எப்படிக் காணும்? மீமாம்சையில் குமாரிலபட்டர், இன்மையை அறிவதற்குக் காணாமை என்ற தனி அளவையே உண்டு என்றார். அவருடைய மரபிலேயே வந்த பிரபாகரர் அதை மறுத்தார். நியாய நூலார் வெறுந்தரையைக் காணும் கண்ணே குடத்தின் இன்மையையும் காண்கிறது என்றனர். பௌத்தரான தர்மகீர்த்தி, இன்மை கருதி அறியப்படுவது என்று கொண்டு, அதற்கு ஒரு நிபந்தனை வைத்தார். இருந்திருந்தால் கட்டாயம் தென்பட்டிருக்கும் என்று சொல்லத்தக்க பொருளின் காணாமையே இன்மைக்குச் சான்று. குடம் அப்படிப்பட்டது. பேய் அப்படிப்பட்டது அன்று. அதன் இயல்பே கண்ணுக்குப் புலப்படாமை என்பதால், அறையில் பேய் தென்படவில்லை என்பதை வைத்து அங்கே பேய் இல்லை என்று நிறுவ முடியாது.

பறவைகள் குடத்துக்கும் பேய்க்கும் இடையில் இருக்கின்றன. நீர் தேங்கிய குளத்தின் நடுவே கூழைக்கடா நின்றால், கரையில் நிற்கும் எவர் கண்ணிலும் படும். அது ஏறக்குறையக் குடம்தான். ஆறுமணிக் குருவி அப்படி இல்லை. இமய அடிவாரத்திலும் நடு இந்தியாவிலும் குஞ்சு பொரித்துவிட்டுக் குளிர்காலத்தில் தமிழ்நாட்டுக்கும் இலங்கைக்கும் வரும் சிறு பறவை அது. முதுகு பச்சை, மார்பு மஞ்சளேறிய பழுப்பு, வயிற்றின் அடியில் சிவப்பு, கண் வழியாக ஓடும் கறுப்புப் பட்டை, இருக்கிறதா என்று ஐயுறத்தக்க குட்டை வால். இத்தனை நிறம் இருந்தும், மரத்தடிச் சருகுகளைப் புரட்டிக்கொண்டு நிழலில் மேயும்போது அருகில் நிற்பவருக்கும் தெரிவதில்லை. விடியலிலும் அந்தியிலும் ஏறத்தாழ ஆறு மணிக்கு அது இரண்டு சுரத்தில் சீழ்க்கையடிக்கும். நண்பகலில் தோப்புக்குள் நடந்துவிட்டு இந்தக் குருவி இங்கே இல்லை என்று சொல்பவரின் சொல்லுக்கு மதிப்பே இல்லை. அதே தோப்பில் அடுத்தடுத்த நாட்களில் அந்தி ஆறு மணிக்குக் காத்து நின்று, குரல் கேட்கவில்லை என்று சொல்பவரின் சொல்லுக்குக் கணிசமான மதிப்பு உண்டு. கலிவி கோடியைப் பகலில் தேடிக் காணாதவர்கள், பேயைத் தேடியவர்களின் நிலையில் இருந்தார்கள். தர்மகீர்த்தியின் நிபந்தனையைக் கடைப்பிடித்திருந்தால் அந்தப் பறவை அழிந்துவிட்டது என்ற முடிவுக்கு யாரும் வந்திருக்க முடியாது.

இதனால், காணாமை என்பது வெறும் ஒன்றுமில்லாமை அன்று என்பது தெளிவாகிறது. எந்த நேரம், எவ்வளவு நேரம், எங்கிருந்து, எந்த முறையில் பார்த்தும் தென்படவில்லை என்ற விவரம் கூடவே இருந்தால் அது அறிவு. இல்லாவிட்டால் வெறும் பேச்சு. இன்று பறவை பார்ப்போர் தம் பதிவுகளைச் சேர்க்கும் ஈபேர்ட் என்ற இணையத் தளம் ஒவ்வொரு பட்டியலின் முடிவிலும் ஒரு கேள்வி கேட்கிறது: இனம் காண முடிந்த எல்லாப் பறவைகளையும் இதில் எழுதிவிட்டீர்களா? ஆம் என்று விடை தந்தால், எழுதப்படாத பறவைகள் அங்கே அப்போது தென்படவில்லை என்று கொள்ள இடம் கிடைக்கிறது. அந்த ஒரு விடையால்தான் பட்டியல் வரவுக் கணக்காக இருப்பதோடு இன்மைக் கணக்காகவும் ஆகிறது. விருப்பமான பறவையை மட்டும் எழுதிவிட்டுப் போகிறவர், தம்மை அறியாமலே மற்றவற்றின் இன்மையைப் பற்றி யாரும் எதுவும் சொல்ல முடியாதபடி செய்துவிடுகிறார்.

இன்மையை எழுதி வைக்காததால் வந்த கேடு எவ்வளவு பெரியது என்பதற்குப் பிணந்தின்னிக் கழுகுகளான பாறுகளின் அழிவே சாட்சி. வெண்முதுகுப் பாறு 1980கள் வரை இந்தியாவில் எங்கும் கிடந்த பறவை. எங்கும் இருந்ததாலேயே அதை எண்ண வேண்டும் என்று அநேகமாக எவருக்கும் தோன்றவில்லை. பரத்பூரில் உள்ள கேவலாதேவ் பூங்காவில் பறவை ஆய்வாளர் விபு பிரகாஷ் அவற்றின் கூடுகளை எண்ணி வைத்திருந்தார். 1990களின் இடையில் மீண்டும் எண்ணியபோது ஏற்பட்டிருந்த வீழ்ச்சி, பழைய கணக்கு கையில் இருந்ததால்தான் புலப்பட்டது. கால்நடைகளுக்குக் கொடுக்கப்பட்ட டைக்ளோஃபினாக் என்ற வலிமருந்தே காரணம் என்று 2004இல் தெரிந்தது. 2006இல் அதைக் கால்நடைகளுக்குப் பயன்படுத்துவது தடை செய்யப்பட்டது. அதற்குள் அந்த இனத்தில் நூற்றுக்கு 99க்கு மேல் போய்விட்டன. இன்னும் பல ஊர்களில் யாராவது பாறுகளை எண்ணி வைத்திருந்தால், அழிவு சில ஆண்டுகள் முன்னதாகவே தெரிந்திருக்கும்.

இந்த இடத்தில் சமய நம்பிக்கை செய்த ஒரு பணியையும் நேர்மையாகச் சொல்லியாக வேண்டும். திருக்கழுக்குன்றத்து மலைமேல் நண்பகலில் இரண்டு பறவைகளுக்குப் பண்டாரம் அமுது படைப்பது நெடுங்காலம் இருந்த வழக்கம். கழுகு என்று மக்கள் வணங்கிய அவை மஞ்சள்முகப் பாறுகள். சாபம் பெற்ற முனிவர்களே அவ்வுருவில் காசியில் நீராடிவிட்டு இங்கு உண்டு, இராமேசுவரம் செல்கிறார்கள் என்பது ஐதிகம். யுகந்தோறும் வருபவை அதே இரண்டு பறவைகளே என்பதைக் காண்டலாலும் கருதலாலும் நிறுவ முடியாது. ஆனால் அந்த நம்பிக்கையால், ஒரே இடத்தில் ஒரே வேளையில் நாள்தோறும் ஒருவர் வானத்தைப் பார்த்துக் காத்திருந்தார். அவரோடு ஒரு கூட்டமும் காத்திருந்தது. எந்த ஆய்வுக்கூடமும் அவ்வளவு காலம் விடாமல் ஒரு பறவையைக் கவனித்ததில்லை. 1990களின் இறுதியில் பறவைகள் வருவது நின்றபோது அன்றே எல்லோருக்கும் தெரிந்தது. தர்மகீர்த்தி கேட்ட நிபந்தனை அங்கே முழுமையாக நிறைவேறியிருந்தது. பக்தர்கள் அதைக் கலியின் கேடு என்றனர். ஆய்வாளர்கள் நாடெங்கும் நடந்த பாறுகளின் வீழ்ச்சியோடு சேர்த்துப் பார்த்தனர். இன்மை என்ற உண்மை இரு சாராருக்கும் ஒன்றே.

நெல்லைச் சீமையிலும் பக்தியும் கவனிப்பும் பிரிந்து நிற்கவில்லை. கடனாநதி தாமிரபரணியோடு சேரும் திருப்புடைமருதூரில் நாறும்பூநாதர் கோயிலைச் சூழ்ந்த மரங்களில் பறவைகள் கூடு கட்டுகின்றன. ஊரார் விருப்பத்தின் பேரில் 2005இல் அந்தச் சிறு இடம் பறவைப் பாதுகாப்பகமாக அறிவிக்கப்பட்டது. அவ்வகையில் நாட்டிலேயே முதலாவது அதுதான். கூந்தங்குளத்தில் மஞ்சள்மூக்கு நாரைகள் வீட்டுக் கொல்லை மரங்களிலேயே கூடு கட்டுகின்றன. பறவை வந்தால் மழையும் விளைச்சலும் வரும் என்று நம்பும் ஊர் மக்கள் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. எச்சம் கலந்த குளத்து வண்டலை வயலுக்கு எருவாக இடுகிறார்கள். இந்த வட்டாரத்தில் கூழைக்கடா குஞ்சு பொரிப்பதை 1907இலேயே ரேனியஸ் என்பவர் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழக இதழில் எழுதியிருக்கிறார். கூந்தங்குளம் 1994இல் சரணாலயமாகி, 2022இல் ராம்சர் ஈரநிலப் பட்டியலில் சேர்ந்ததாக அறிவிக்கப்பட்டது. மணிமுத்தாற்றில் இயங்கும் ஏட்ரீ நிறுவனத்தின் அகத்தியமலை மையமும் உள்ளூர் இயற்கை ஆர்வலர்களும் சேர்ந்து 2011 முதல் ஜனவரியில் தாமிரபரணிக் குளங்களில் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடத்துகிறார்கள். ஆண்டுதோறும் அதே மாதத்தில் எண்ணுவதால்தான் ஒரு குளம் வெறிச்சோடிப் போனால் அது செய்தியாகிறது.

கண்டதையெல்லாம் சொல்லிவிட வேண்டுமா என்பது கடைசிக் கேள்வி. அரிய பறவையின் கூடு இருக்கும் மரத்தை அடையாளம் சொன்னால், படம் எடுப்பவர் கூட்டம் அங்கே போய் நிற்கும். தாய்ப்பறவை கூட்டைக் கைவிடும். சிலவேளை கண்ணி வைப்பவரும் வருவார். தீங்கு இல்லாத சொல்லே வாய்மை என்று வள்ளுவர் வகுத்த இலக்கணம் இங்கே நேராகப் பொருந்துகிறது. கண்டதை மறைப்பது அறிவுக்குக் கேடு. கூட்டின் இருப்பிடத்தை உரக்கச் சொல்வது உயிருக்குக் கேடு. பதிவைச் செய்து, துல்லியமான இடத்தைப் பொதுவில் காட்டாமல் வைப்பதே சரி. ஈபேர்ட் தளமும் ஆபத்தில் உள்ள சில இனங்களின் இருப்பிடத்தை இவ்வாறே மறைக்கிறது. இதைப் பொய் என்று சொல்ல முடியாது. ஆப்தனுக்கு அறிந்ததை அறிந்தவாறு சொல்லும் கடமையோடு, கேட்பவரின் தகுதியை அறியும் கடமையும் உண்டு.

வரித்தலை வாத்து வந்த குளத்தைப் பற்றி எழுத ஆள் கிடைத்துவிடுகிறார். ஒன்றுமே வராத குளத்தைப் பற்றி எழுத ஆள் இல்லை. தை மாதத்தில் ஏதாவது ஒரு குளத்தங்கரையில் அரை மணி நேரம் நின்றுவிட்டு ஏமாற்றத்தோடு திரும்புகிறவர்கள், குளத்தின் பெயர், நாள், நேரம், நின்ற இடம், நீரின் அளவு ஆகியவற்றை எழுதி, அதன் கீழே பறவை எதுவும் தென்படவில்லை என்பதையும் எழுதி வைக்க வேண்டும்.